இருபத்தாறுக்கு ஒன்று

காலை ஆறரைக்குப் பள்ளிப் பேருந்து,
மாலை மூன்றுக்கு மறுபடி பள்ளிப் பேருந்து.
நடுவே கிடக்கும் பகல் மட்டும் என்னுடையது.
அதை ஈரி ஏரிக்கரை மணலில்
தடவித் தடவிச் செலவழித்தேன்,
ஒரு வருஷம்.

கருவி காதுக்குள் பேசுவது இப்போது அத்துப்படி.
உறுமினால் ஆணி.
விக்கினால் பீர் டப்பாவின் வளையம்.
கணீரென்றால் கால் டாலர்.
அதற்கும் மேலே ஒரு ஒலி உண்டாம்,
வெள்ளிக்கு.
ஏழு வருஷமாய் நான் கேட்டதில்லை.

பூங்கா ஊஞ்சலின் அடியில்தான் நல்ல அறுவடை.
தலைகீழாய்த் தொங்கிய பையன்களின்
கால்சட்டையிலிருந்து உதிர்ந்தவை.
சென்ட்டுகளை மண் பாதி தின்றிருக்கும்,
எலி கடித்த பிஸ்கட் மாதிரி.
மற்றவற்றில் தேமல், படை, பச்சைப் பாசி.

கராஜில் ஒரு சின்னப் பீப்பாய்:
மீன்தொட்டிக் கூழாங்கல், வினிகர், உப்பு.
இரவெல்லாம் உருளும். கணவர் கதவைச் சாத்துவார்.
செம்பைத் தனியே போட வேண்டும்.
ஒருமுறை மறந்தேன்,
அத்தனை காசும் வெட்கப்பட்டாற்போல் சிவந்து வந்தன.
வங்கி இயந்திரம் ஒவ்வொன்றாய்த் துப்பிற்று,
மாத்திரையைக் குழந்தை துப்புவது போல.

ஆர்லோ ப்ரென்னமன் துப்புவதில்லை.
நாணயக் கடைக்குப் பின்னால்
கார் கழுவுமிடமும் அவருடையதே.
அங்கே சோப்பு நுரைக்குக் காசின் நிறம் தெரியாது.

"ட்ரூடி, இன்றைய விலைக்கு
இருபத்தாறுக்கு ஒன்று."

பத்து சென்ட்டுக்குப் பத்து சென்ட்தான்.
அதே முகம், அதே எழுத்து, அதே தீப்பந்தம்.
அறுபத்து நான்குக்கு முன் அடித்தது,
பின் அடித்தது, அவ்வளவே.
"விளிம்பைப் பார்" என்றார்.
என்னுடையதில் செம்புக் கோடு,
பாவாடைக்குக் கீழே உள்பாவாடை எட்டிப் பார்ப்பது போல.
அவருடையதில் ஓரம்வரை வெள்ளை.

வாளியைக் கவிழ்த்தேன். எண்ணினார்.
தொண்ணூற்று நான்கு டாலர் பத்து சென்ட்.
முப்பத்தாறு வெள்ளி.
மிச்சம் ஐம்பது சென்ட், "காபிக்கு" என்றார்.
அந்த விலைக்குக் காபி விற்ற கடை
இருந்த இடத்தில் இப்போது பல் மருத்துவர்.

இரண்டு கையாலும் தூக்கிப் போன வாளி
திரும்பும்போது காலி.
முப்பத்தாறும் கோட்டுப் பையின் ஒரு மூலையில்,
கைக்குட்டைக்கு அடியில்.
ஒரு வருஷ முழங்கால் வலிக்கு
எடை இவ்வளவுதானா?

வீடு வந்ததும் மேசையில் பரப்பினேன்.
அழகுதான்.
ஆனால் ஒன்றைக்கூட நான் எடுக்கவில்லை.
யாரோ எடுத்ததை, யாரோ செத்தபின் விற்றதை,
ஊஞ்சல் பையன்களின் காசு கொடுத்து வாங்கியிருக்கிறேன்.

கையில் அகப்பட்ட ஒன்றை,
வருஷம்கூடப் பார்க்காமல்,
தபால் பெட்டிக்கு இடப்புறம் ஆறு அங்குலத்தில் புதைத்தேன்.
புல்லை மேலே வைத்துக் காலால் அமுக்கினேன்.
எதிர்வீட்டு மிசஸ் கோவாச் திரைச்சீலையை விலக்கினாள்.
கையாட்டினேன்.

கருவியை ஓட்டினேன்.

அந்த ஒலி.

எதனோடும் ஒப்பிடத் தோன்றவில்லை.
இடமிருந்து வலம், வலமிருந்து இடம்,
நின்று, மறுபடியும்.
பேருந்துக்கு நேரமாயிற்று.
அன்று மூன்று நிமிஷம் தாமதம்;
கடைசி இருக்கைப் பிள்ளைகள் கைதட்டினார்கள்.

அப்புறம் பனி விழுந்தது. மண் இறுகிற்று.
மார்ச் கடைசியில்தான் இளகியது.
மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய்
கருவியை மட்டும் ஓட்டிவிட்டு
வந்துவிட்டேன்.

டப்பாவில் முப்பத்தைந்து.
யாரும் எண்ணிப் பார்க்கப் போவதில்லை.

நோட்டில் 'வெள்ளி' என்ற கட்டம் மட்டும்
ஏழு வருஷமாய் வெறுமையாய் இருந்தது.
நேற்று பென்சிலால் எழுதினேன்:

எண்ணிக்கை: ஒன்று.
இடம்: தபால் பெட்டிக்கு இடப்புறம்.
ஆழம்: ஆறு அங்குலம்.
வருஷம்: தெரியாது.
தோண்டவில்லை.